நூறாயிரம் பேருக்கு ஒரு வகுப்பு

2,104 சதுர அடி வீட்டின் விலை 4,60,000 டாலர். 1,416 சதுர அடி வீட்டின் விலை 2,32,000 டாலர். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்து வீடுகள் இவை. இத்தகைய விலைப்பட்டியலை மட்டும் கொண்டு, 1,250 சதுர அடி வீடு என்ன விலைக்குப் போகும் என்று கணினி கணித்துச் சொல்ல வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆண்ட்ரூ இங், 2011இல் இணையவழி நடத்திய எந்திரக் கற்றல் பாடத்தின் தொடக்கத்தில் வைத்த கணக்கு இது. கட்டணமின்றி எவரும் சேரலாம் என்றார். நூறாயிரம் பேருக்கு மேல் சேர்ந்தனர். பல்கலைக்கழகத்தில் அவருடைய வகுப்பு 400 பேரைக் கொண்டது. அங்கேயே இத்தனை பேருக்கும் கற்பிப்பதென்றால் 250 ஆண்டுகள் ஆகியிருக்கும்.

கணக்கைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பரப்பையும் விலையையும் வரைதாளில் புள்ளிகளாக இட்டால், அவற்றினூடே ஒரு நேர்கோடு வரையலாம். கணினி முதலில் ஏதோ ஒரு கோட்டை வரைகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் கோடு காட்டும் விலைக்கும் உண்மை விலைக்கும் உள்ள இடைவெளியே பிழை. பிழைகளை வர்க்கமாக்கிக் கூட்டுகிறது. அந்தக் கூட்டுத்தொகை குறையும் திசையில் கோட்டைச் சிறிதே நகர்த்துகிறது, மீண்டும் அளக்கிறது, மீண்டும் நகர்த்துகிறது. மேலும் குறையாத நிலையில் நின்றுவிடுகிறது. இன்று நம்மோடு உரையாடும் மாபெரும் மொழி மாதிரிகளும் பிழையை அளந்து, அளந்து குறைத்தே கற்கின்றன. அங்கே திருத்தப்படும் எண்கள் கோடிக்கணக்கில் இருக்கும், அவ்வளவே. இதை ஒருமுறை தெளிவாக உணர்ந்தவரைச் செயற்கை நுண்ணறிவு பற்றிய வீண் அச்சமும் வெற்றுப் புகழ்ச்சியும் எளிதில் அசைக்க மாட்டா.

இலண்டனில் 1976இல் பிறந்த இங், ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் வளர்ந்தவர். 2011இல் கூகுள் நிறுவனத்தில் அவர் முன்னின்று தொடங்கிய ஆய்வுக்குழு, 16,000 கணினிச் செயலிக் கருக்களைப் பிணைத்து, யூடியூப் காணொளிகளிலிருந்து எடுத்த ஒரு கோடிப் படங்களை ஒரு நரம்பியல் வலையமைப்புக்குக் காட்டியது. எது என்ன என்று எவரும் சொல்லித்தரவில்லை. ஆயினும் வலையமைப்பின் ஓர் அலகு பூனை முகத்தை இனங்காணத் தானே கற்றிருந்தது. 2012இல் டாஃப்னி கோலருடன் கோர்செரா என்னும் இணையவழிக் கல்வித் தளத்தை நிறுவினார். சீனத்தின் பைடு நிறுவனத்தில் 2014 முதல் மூன்றாண்டுகள் ஆய்வுப் பணியை வழிநடத்தினார்.

இப்பணிகள் அனைத்திலும் நான் உயர்வாக மதிப்பது, 2019இல் கணிதமோ நிரலோ அறியாதவர்க்கென அவர் அமைத்த எளிய பாடத்தையே. செயற்கை நுண்ணறிவால் ஆவது எது, ஆகாதது எது என்று பொதுமக்களுக்குப் பிரித்துக் காட்டும் பணிக்கு, அத்துறையில் தொழில் செய்பவர்களே முன்வருவது அரிது. தம் துறையின் குறையை அவர் மறைப்பதில்லை. ஒரு மருத்துவமனையின் ஊடுகதிர்ப் படங்களைக் கொண்டு பயிற்றிய மாதிரி, அங்கே வல்லுநருக்கு நிகராக நோயைக் கண்டறியும். அதே தெருவில் சற்றுத் தள்ளி, பழைய கருவி உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் தடுமாறும். மனித மருத்துவரோ அங்கே நடந்து சென்று, வழக்கம்போல் படத்தைப் பார்த்து நோயைச் சொல்லிவிடுவார் என்கிறார் இங்.