பெட்டகத்தில் ஒரு பழைய நோட்டு

திருவனந்தபுரத்துக் கரமனையின் அக்கிரகாரத் தெருக்களில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அத்தகைய வீடுகளில் பழைய பத்திரக் கட்டுகளுக்கிடையே, என்றோ மடித்து வைத்த ரூபாய் நோட்டொன்று அகப்படுவதுண்டு. அதன் மதிப்பு யாது, அதனை என்செய்வது என்னும் வினாக்களுக்கு இங்கே விடை காண்போம்.

1861 வரை வங்காள, பம்பாய், சென்னை மாகாண வங்கிகள் தத்தம் நோட்டுகளை வெளியிட்டன. அவ்வாண்டின் காகிதப் பணச் சட்டம் அவ்வுரிமையை அரசுக்கே உரியதாக்கியது. விக்டோரியா அரசியின் உருவம் தாங்கிய முதல் அரசு நோட்டுகள், கையால் வார்த்த தாளில் ஒரு பக்கம் மட்டுமே அச்சானவை. கள்ள நோட்டுகள் பெருகவே, 1867இல் வேறு வரிசை வந்தது. சென்னை, கல்கத்தா, ரங்கூன், கராச்சி என ஒவ்வொரு நோட்டும் ஒரு வட்டத்தின் பெயரைத் தாங்கியது. சேகரிப்போர் அப்பெயரையும் கூர்ந்து நோக்குவர்.

அக்காலத்தில் அஞ்சலில் பணம் அனுப்புவோர் நோட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை முதலில் அனுப்புவர். அது சேர்ந்தது என்ற மறுமொழி வந்த பின்னரே மறு பாதி புறப்படும். ஆதலின், நடுவில் வெட்டி ஒட்டிய தடத்தைக் குறை என்று மட்டும் எண்ணலாகாது. அது வரலாற்றுச் சான்றுமாகும்.

திருவிதாங்கூரில் 28½ சக்கரம் ஒரு பிரிட்டிஷ் ரூபாய்க்கு ஈடாக வழங்கியது. முதல் உலகப் போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, 1917 நவம்பர் 30 அன்று ஒரு ரூபாய் நோட்டு பிறந்தது. அடுத்து இரண்டு ரூபாய் எட்டணா நோட்டு வந்தது. 1926 ஜனவரி முதல் நாளில் இவற்றின் வெளியீடு நிறுத்தப்பட்டது. 1959இல் வளைகுடா நாடுகளில் வழங்குவதற்கென்றே தனி நிறத்தில் அச்சான ரிசர்வ் வங்கி நோட்டுகளும் சேகரிப்போர் நாடுபவையே.

பழமை மட்டுமே விலையைத் தீர்மானிப்பதில்லை. எத்தனை நோட்டுகள் எஞ்சியுள்ளன, அவை எந்நிலையில் உள்ளன என்பவையே முதன்மையானவை. ஆகவே நோட்டைக் கழுவுதல், இஸ்திரி போடுதல், ஒட்டுநாடா ஒட்டுதல், லேமினேட் செய்தல் ஆகியன கூடா. அமிலமற்ற உறையில், ஈரம் அணுகாத இடத்தில் வைத்தல் நன்று. மழை மிகுந்த கேரளத்தில் இது இன்றியமையாதது.

சட்டத்தையும் நினைவிற்கொள்க. 2016இல் செல்லாதென அறிவிக்கப்பட்ட 500, 1,000 ரூபாய் நோட்டுகளை, 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி மொத்தம் 10க்கு மேல் வைத்திருத்தல் குற்றம். ஆய்வுக்கும் நாணயவியலுக்கும் 25 வரை வைத்திருக்கலாம்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பழைய நோட்டை இலட்சக்கணக்கில் வாங்குவதாகக் கூறி, ரிசர்வ் வங்கியின் பெயரால் முன்கட்டணமோ வரியோ தரகோ கேட்போர் உளர். அத்தகைய வாணிபத்தில் தான் ஈடுபடுவதில்லை என்றும், எவருக்கும் அவ்வாறு கட்டணம் பெற அதிகாரம் அளிக்கவில்லை என்றும் அவ்வங்கி 2021 ஆகஸ்டில் அறிவித்தது. விற்பவர் பணம் பெற வேண்டியவரேயன்றிச் செலுத்த வேண்டியவர் அல்லர். முன்பணம் கேட்கும் அழைப்பு வந்தால், கணக்கு விவரம் எதனையும் கூறாது துண்டித்துவிடுக.