உங்களுக்குத் தெரியுமா? பாலத்துக்குப் பின்னால் ஒரு சங்கம்

சாம்பல்தீவிலிருந்து திருகோணமலை நகரைக் கடந்து தெற்கே போனால் கிண்ணியாப் பாலம். 396 மீற்றர் நீளம். சவூதி நிதியுதவியில் கட்டி 2009இல் திறந்தார்கள். இப்படி வெளிநாட்டுக் கடனில் நடக்கும் பெரிய வேலைகள் பலவற்றுக்கு ஆலோசகப் பொறியியலாளரின் சர்வதேச சம்மேளனமான ஃபிடிக்கின் ஒப்பந்தப் படிவமே அடிப்படை. 'சிவப்புப் புத்தகம்' எனப்படும் அதன் முதற்பதிப்பு 1957இல் வந்தது. ஆலோசகப் பொறியியலாளர் மட்டும் எழுதியதல்ல அது. ஒப்பந்தக்காரரின் சர்வதேச சம்மேளனமும் கூட இருந்து எழுதியது.

வேலை நடுவில் சீமெந்து விலை ஏறினால் யார் தாங்குவது? கொடுப்பனவு பிந்தினால் வட்டி உண்டா? படிவத்தில் இவை ஓரிரு வரிகள்தாம். கடன்பட்டு இயந்திரம் வாங்கிய ஒப்பந்தக்காரருக்கோ அதுதான் பிழைப்பு. கேள்விமனுவுக்குப் போட்டியிடும் தனி நிறுவனம் இதைக் கேட்கத் தயங்கும். அதனால் ஒப்பந்தக்காரர் சங்கம் பேசுகிறது. ஆசிய, மேற்குப் பசிபிக் நாட்டு ஒப்பந்தக்காரர் சங்கங்கள் 1956இலேயே மணிலாவில் கூட்டமைப்பாகத் திரண்டன. இலங்கைத் தேசிய நிர்மாணச் சங்கமும் அதில் உறுப்பினர்.