பிள்ளையாருக்கு ஒரு விளக்கு

எங்கள் காரின் டேஷ்போர்டில் இரண்டு அங்குலப் பித்தளைப் பிள்ளையார் ஒருவர் அமர்ந்திருக்கிறார். டில்லிக்கு மாற்றலாகி வந்தபோது அம்மா கும்பகோணத்தில் வாங்கித் தந்தவர். கார் மூன்று முறை மாறிவிட்டது, அவர் மாறவில்லை. இருட்டினால் அவர் முகம் தெரிவதில்லையே என்பது என் மனைவியின் நெடுநாள் குறை. சில வருடங்களுக்கு முன் ஒரு கார் அலங்காரக் கடையில் சொல்லி, அவருக்குப் பின்னால் சின்ன பல்பு ஒன்றைப் போடச் செய்தோம். அரை மணியில் வேலை முடிந்தது. பிள்ளையாரும் ஜொலித்தார்.

அந்த ஜனவரியில் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு, மூன்று நாள் ரயிலில் ஜெய்ப்பூர் போய் வந்தோம். திரும்பிய அன்றிரவே மாமனாருக்கு மூச்சுத் திணறல். மணி இரண்டு, வெளியே ஒரே பனிமூட்டம். சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு சர்தார்ஜி கட்டின பைஜாமாவோடு ஓடி வந்து தன் வண்டியை எடுத்ததால் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். மாமனார் பிழைத்தார்.

மறுநாள்தான் விஷயம் புரிந்தது. சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் ஓடுகிற வயரில் பல்பை இணைத்திருக்கிறார்கள். பகல் வெளிச்சத்தில் அது எரிவது எங்கள் கண்ணில் படவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5 வாட் பல்பு 12 வோல்ட்டில் சுமார் 0.4 ஆம்பியர் இழுக்கும். 72 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 30 ஆம்பியர்-மணி. எங்கள் பாட்டரியின் மொத்தக் கொள்ளளவே 35! குளிரில் அதன் பலம் இன்னும் குறையும்.

விளக்கே வேண்டாம் என்றேன். மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் நானே செய்வது என்று தீர்மானித்து, செங்கோட்டைக்கு எதிரே உள்ள லஜ்பத் ராய் மார்க்கெட்டுக்குப் போய், மஞ்சள் கலந்த வெள்ளை எல்.இ.டி. மூன்றும் 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் வாங்கி வந்தேன். பித்தளைக்கு அந்த நிறம்தான் பொருத்தம். நீல வெள்ளையில் சுவாமி வெளிறிப் போவார்.

எல்.இ.டி.யை நேராகப் பாட்டரியில் கொடுத்தால் அந்தக் கணமே போய்விடும். ஒவ்வொன்றுக்கும் சுமார் 3 வோல்ட் போதும். மூன்றை வரிசையாகக் கோத்தால் 9 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல். என்ஜின் ஓடும்போது காரில் 14 வோல்ட் வரை இருக்கும். மீதி ஐந்து வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்கிக்கொள்ளும். ஓடுகிற மின்சாரம் 10 மில்லியாம்பியர்தான். மறந்துபோய் மூன்று நாள் எரிந்தாலும் ஒரு ஆம்பியர்-மணிகூட ஆகாது. ஒன்றின் நீளக்கால் (அதுதான் பாஸிடிவ்) அடுத்ததன் குட்டைக்காலோடு சேர வேண்டும். மாற்றிக் கோத்தால் எரியாது.

மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். முதலில் பாட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிட்டு வயர்களைப் பொருத்துங்கள். பிறகு மாட்டி, சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர் பெறும் ஃபியூஸ் எது என்று மல்டிமீட்டரால் பாருங்கள். அதிலிருந்து கிளை எடுக்க ஒரு சிறு ஹோல்டர் கடைகளில் கிடைக்கிறது. காரின் வயரை வெட்ட வேண்டியதில்லை. நம் கிளைக்கு 1 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். கார் பாட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டக்கூடியது. மெல்லிய வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் ஹீட்டர் கம்பிபோல் பழுத்துவிடும். மஞ்சள் உறை போட்ட வயர்கள் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றின் பக்கமே போகாதீர்கள்.

ஏர்பேக் என்றதும் இன்னொன்று. முன் ஸீட் பயணிக்கும் ஏர்பேக் கட்டாயம் என்று 2021-ல் உத்தரவு வந்தது. அது டேஷ்போர்டின் மேல்பக்கத்தைக் கிழித்துக்கொண்டுதான் விரியும். அந்த மூடியின் மேல் பித்தளை விக்கிரகம் இருந்தால், அது உட்கார்ந்திருப்பவர் முகத்துக்கே பாயும். எங்கள் பிள்ளையாரும் அங்கேதான் இருந்தார், எதிரே மாமனார்! இப்போது நடுவில், ஸ்டீரியோவுக்கு மேல், தாழ்வாக ஒரு திருகாணியில் இறுக்கியிருக்கிறேன்.

பசையை நம்பாதீர்கள். முதலில் உருக்கி ஒட்டும் பசைக் குச்சியால்தான் விளக்கை ஒட்டினேன். மே மாத வெயிலில் பசை இளகி, விளக்கு பிள்ளையார் மடியில் வந்து விழுந்தது. பிறகு அலுமினியத் தகடு ஒன்றை வளைத்துக் கருப்புப் பெயிண்ட் அடித்து, அதன் உள்விளிம்பில் எல்.இ.டி.களை மறைத்தேன். வெளிச்சம் சுவாமி மேல் மட்டும் விழுகிறது. முன் கண்ணாடியில் பிரதிபலித்தால் பனிமூட்டத்தில் சாலை தெரியாது. மினுக்மினுக்கென்று அணைந்து எரிகிற சிவப்பு, நீல விளக்கும் வேண்டாம். போலீஸ் நிறுத்துவார்கள், நிறுத்தவும் வேண்டும்.

என்ஜின் ஸ்டார்ட் ஆனதும் வோல்ட்டேஜ் ஏறுவதால் விளக்கு சற்றுப் பிரகாசமாகும். "பிள்ளையார் முழிச்சுண்டார்" என்பாள் என் பெண். மாமனார் மட்டும் ஒவ்வொரு முறையும் இறங்கின பிறகு கதவோரம் குனிந்து, அணைந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறார்.