நுழைவுச்சீட்டு என்னும் பிரதி

தாம்பரம் பக்கம் 'ஆர்கெஸ்ட்ரா' என்றால் கோயில் திருவிழாவுக்குத் தெருவை மறித்து மேடை போட்டுப் பாடுகிற மெல்லிசைக் கச்சேரிதான். ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊத்தின ராத்திரி நடக்கும். டிக்கெட் கிடையாது. காசு புழங்கவில்லை என்று அர்த்தமல்ல. வீடு வீடாக வசூலித்த பணத்தில்தான் கீபோர்டுக்காரருக்குக் கூலி. (வசூலுக்கு எந்தத் தெருவுக்குப் போகாமல் விட்டார்கள் என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம்.) ஆனால் கேட்க வருகிறவரை நிறுத்த அங்கே வாசல் இல்லை.

வாசலை உண்டாக்குவது டிக்கெட். 1672இல் லண்டனில் ஜான் பானிஸ்டர் என்ற வயலின் கலைஞர் ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு தன் வீட்டில் கச்சேரி நடத்தினார். இசை சரக்காக மாறிய வரலாற்றில் காசு கொடுத்துக் கேட்கும் கச்சேரியை ஒரு முக்கியமான கட்டமாக வைக்கிறார் ழாக் அத்தாலி (இரைச்சல், 1977). சரக்கு என்றால் வாங்கினவன் கையில் கிடைக்க வேண்டுமே? இந்தக் கேள்வியை நமக்குப் பனையூர்தான் கேட்டது.

ஏ. ஆர். ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' கச்சேரி 2023 ஆகஸ்ட் 12 அன்று நடப்பதாக இருந்து, மழையால் செப்டம்பர் 10க்குத் தள்ளிப்போனது. இடம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூர். வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று உலோகங்களின் பெயரால் கேட்பவர்கள் தரம் பிரிக்கப்பட்டிருந்தார்கள். அன்று மாலை எந்த உலோகமும் செல்லுபடியாகவில்லை. டிக்கெட் வைத்திருந்த ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே போக முடியாமல் சாலையிலேயே நின்றார்கள். நெரிசலில் சீண்டலுக்கு ஆளானதாகப் பெண்கள் சொன்னார்கள். மறுநாள் ரஹ்மானே டிக்கெட் நகலை மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார். அமைப்பாளர்கள் மீது வழக்குப் பதிவானது.

இதை நிர்வாகக் கோளாறு என்று சொல்லி முடித்துக்கொள்வது சுலபம். டிக்கெட்டை ஒரு பிரதியாக வாசித்தால் வேறொன்று தெரிகிறது. பணம் முன்னாலேயே போய்விடுகிறது. தேதி மாறலாம், இடம் மாறலாம், அனுமதி மறுக்கப்படலாம் என்கிற உரிமையெல்லாம் பொடி எழுத்தில் விற்பவர் பக்கமே நிற்கிறது. ஆபத்து முழுக்க வாங்குபவர் தலையில்.

போன மாசம் சேலையூரிலிருந்து தம்பி மகள் போன் பண்ணினாள், வேறொரு கச்சேரிக்கு. "பெரியப்பா, சில்வர் போடவா, கோல்டு போடவா?" பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஆளுக்கு 500 ரூபாய் வரைக்கும் ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, தாண்டினால் 18 சதவீதம். எளியவர்களின் இசை எங்கே முடிகிறது என்று அரசாங்கம் போட்ட கோடு இது. பிறகு 'வசதிக் கட்டணம்', அதற்கும் வரி. யாருக்கு வசதி என்று கேட்டேன். சிரித்தாள்.

சீட்டில் எழுதப்படாத விலையும் ஒன்று உண்டு. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். எங்கள் ஊர்களை ஊராக்கியதே அந்தத் தண்டவாளம்தான். பனையூருக்கு ரயில் கிடையாது. மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகச் சுற்றிப் போகணும். கச்சேரி முடிகிற நேரத்தில் பஸ்ஸை நம்ப முடியாது. ஆக அந்த மைதானம் காரில் வருபவரை மனதில் வைத்தே தேர்ந்தெடுக்கப்படுகிறது.

என்ன செய்யலாம் என்று கேட்கும் தோழர்களுக்கு: 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். நமக்குச் செங்கல்பட்டு. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். நிபந்தனைப் பக்கத்தையும் சேர்த்துப் படம் பிடித்து வையுங்கள், பின்னால் அதை மாற்றிவிடுவார்கள்.

அவள் படம் பிடித்துக்கொண்டாள். சில்வர்தான் போட்டாள். "திரும்பி வர ஆட்டோவுக்கு எவ்வளவு பெரியப்பா கேப்பான்?" என்றாள்.