ஆற்காடு ரோடு எங்கே போய் முடியுது?

வடபழனி சிக்னல்ல மெட்ரோ வேலைக்காகப் போட்ட தகரத் தடுப்புக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு இதைக் கேட்டுட்டிருந்தீங்கன்னா, நீங்க இருக்கிறது ஆற்காடு ரோடு. கோடம்பாக்கம், வளசரவாக்கம், போரூர்னு போற அந்த ரோட்டைத் திட்டாத சென்னைக்காரங்க கிடையாது. ஆனா அந்தப் பேருக்குச் சொந்தமான ஊர் நூறு கிலோமீட்டருக்கு மேல தள்ளி, பாலாற்றுத் தென்கரையில இருக்கு. அது என் ஊர். இன்னைக்கு எபிசோட் அங்கே இருந்த, இப்போ இல்லாத கட்டடங்களைப் பத்தி.

ஊருக்கு வர்ற நண்பர்கள் முதல்ல கேக்கிறது "கோட்டை எங்கே?" அப்படின்னுதான். கோட்டை இல்லை. டெல்லி கேட்னு ஒரு வாசல் மட்டும் ஆற்றோரமா நிக்குது. கர்நாடக நவாபுகளோட தலைநகரா இருந்த ஊர் இது. 1751-ல ராபர்ட் கிளைவ் கோட்டையைப் பிடிச்சு உள்ளே உட்கார, சந்தா சாஹிபோட மகன் ராஜா சாஹிப் 50 நாள் முற்றுகை போட்டார். பிறகு நவாப் முகமது அலி வாலாஜா சென்னைக்கே குடிபோயிட்டார், சேப்பாக்கம் அரண்மனை அவர் கட்டினதுதான். 1780-ல ஹைதர் அலி ஊரைப் பிடிச்சார், அடுத்து திப்பு சுல்தான் காலத்துல மதில்களை இடிச்சுட்டாங்க. வாசல் தப்பிச்சது. ஊர் சுருங்கின பிறகும் பேர் மட்டும் நல்லா ஓடியிருக்கு. பாண்டிச்சேரியில பிரெஞ்சுக்காரங்க அடிச்ச வெள்ளிக்காசுக்குக்கூட ஆற்காடு ரூபாய்னுதான் பேர்.

ரயில் கதையும் இதே மாதிரிதான். தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ந் தேதி ராயபுரத்திலிருந்து கிளம்பி ஆற்காட்டுக்கு வந்ததுன்னு படிச்சிருப்பீங்க. அது வந்து நின்ன இடம் இன்னைக்கு வாலாஜா ரோடு ஸ்டேஷன். ஆற்றுக்கு வடக்கே, ஊரை விட்டுத் தள்ளி. எங்க ஊருக்குள்ள ரயில் வரவே இல்லை. சின்ன வயசுல எனக்கு இது பெரிய மானப் பிரச்சனை.

நவாப் கதையைத் தேடினா நிறைய கிடைக்கும். கிடைக்காத ஒண்ணுக்காகத்தான் மைக்கைப் பிடிச்சிருக்கேன். எங்க தாத்தா வேலை பார்த்த பட்டைத் தோல் டேனரி.

மேல்விஷாரம், ராணிப்பேட்டை, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடின்னு இந்தப் பக்கம் முழுக்க ஒரு காலத்துல தோலைப் பட்டை போட்டுத்தான் பதப்படுத்தினாங்க. பட்டைன்னா ஆவாரம் பட்டை. மஞ்சளாப் பூக்கும், மழையே இல்லாத மேட்டு நிலத்துலயும் வளரும், அந்த ஆவாரஞ்செடிதான். அதோட பட்டையில இருக்கிற துவர்ப்புச் சத்துதான் தோலை அழுகவிடாமப் பிடிச்சு வைக்கும். நீங்க துவர்ப்பான காய் கடிச்சா நாக்கு இழுத்துக்குது இல்லையா? தோலுக்கும் கிட்டத்தட்ட அதேதான் நடக்குது.

உப்புப் போட்டு வர்ற தோலை முதல்ல ஊறவெச்சு உப்பை எடுக்கணும். அடுத்து சுண்ணாம்புக் குழி, அதுல முடி கழண்டு வரும். ஒட்டியிருக்கிற சதையை ரெண்டு பக்கமும் பிடி வெச்ச வளைஞ்ச கத்தியால ஆள் சீவுவார். அப்புறம் பட்டைத் தண்ணிக் குழிகள். முதல் குழியில சத்து கம்மி, அடுத்ததுல கொஞ்சம் கூட, கடைசியில கெட்டியா. நேரா கெட்டித் தண்ணியில போட்டா மேல் பக்கம் இறுகிப்போய் உள்ளே பச்சையாவே நின்னுடும். கடைசியா கடுக்காய்த் தண்ணி, புங்க எண்ணெய், நிழல்ல காயவைக்கிறது. எல்லாம் முடிய வாரக்கணக்கு ஆகும்.

கட்டடமும் அந்த வேலைக்குத் தகுந்த மாதிரிதான் இருந்தது. கீழே வரிசையா குழிகள். மேல் மாடியில வெயில் படாம காத்து மட்டும் போற மாதிரி மரச்சட்டம் அடிச்ச திறந்த பக்கங்கள். நான் பார்த்தப்போ தாத்தாவோட டேனரியில குழிகளை மண் போட்டு மூடியிருந்தாங்க. மாடி மட்டும் இருந்தது. ஆறு வருஷம் முன்னாடி அதையும் இடிச்சுட்டாங்க. இப்போ அந்த இடத்துல கல்யாண மண்டபம்.

இந்தத் தோல் 'ஈஸ்ட் இந்தியா' தோல்ங்கிற பேர்ல லண்டன் சந்தைக்குப் போச்சு. முதல் உலகப் போர்ல பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸுக்கு அரசாங்கமே வாங்கியிருக்கு. 1970-கள்ல மத்திய அரசு, அரைப்பதத் தோலை ஏத்துமதி பண்றதுக்குக் கட்டுப்பாடு போட்டது. முழுசா முடிச்ச தோல், ஷூன்னு செஞ்சு வித்தா இங்கேயே வேலையும் காசும் கிடைக்கும்னு கணக்கு. கணக்கு தப்பில்லை. ஆம்பூர் ஷூ கம்பெனிகளை நம்பி எத்தனையோ குடும்பம் நிமிர்ந்திருக்கு. என் அக்கா காலேஜ் ஃபீஸும் அதுல வந்ததுதான். கூடவே குரோமும் பெருகிச்சு. சுத்துற மர டிரம்முல போட்டா வாரக்கணக்கு வேலை ஒரு நாள்ல முடியும். பட்டை ஏத்தி வந்த வண்டிகள், பட்டை மண்டிகள், குழி ஆட்கள் எல்லாம் மெதுவா காணாமப் போனாங்க.

"அப்போ பழைய முறைதான் நல்லது"ன்னு நானும் ரொம்ப நாள் சொல்லிட்டுத் திரிஞ்சேன். பாட்டி ஒரு நாள் நிறுத்தினாங்க. "உங்க தாத்தா குழியில இடுப்பளவு நின்னவர்டா. கையில சுண்ணாம்புப் புண் ஆறினதே இல்ல. வாடையோட வாசல்ல நிப்பார், குளிக்காம உள்ள விடமாட்டேன். அதுக்கு நீ என்னடா பாட்டுப் பாடுற?" பட்டை டேனரியிலயும் உப்புத் தண்ணி, சுண்ணாம்புத் தண்ணி எல்லாம் வெளியேதான் போச்சு. பாலாறு அன்னைக்கே வாங்க ஆரம்பிச்சிருச்சு. குரோம் வந்ததும் அளவு எங்கேயோ போயிடுச்சு.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல 1996 ஆகஸ்ட் 28-ந் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாசு பண்றவங்கதான் அதுக்கான விலையைக் கொடுக்கணும்னு இந்தியச் சட்டத்துல உறுதியா நிறுத்தின தீர்ப்புகள்ல அது முக்கியமானது. டேனரிகள் உள்ள பகுதியில கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாவோ முழுசாவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமப் போச்சுன்னு அதுல பதிவாகியிருக்கு. அஞ்சு மாவட்டத்துல 900-க்கும் மேற்பட்ட டேனரிகள். ஒவ்வொண்ணுக்கும் 10,000 ரூபாய் அபராதம். சட்டம் படிக்கிற பசங்க இந்த வழக்குப் பேரை மனப்பாடமா சொல்வாங்க. எங்க தெருவுல பாதிப் பேருக்குத் தெரியாது.

ராணிப்பேட்டை சிப்காட்ல இன்னொரு விஷயம் இருக்கு. டேனரிகளுக்கு வேணுங்கிற குரோமிய ரசாயனம் தயாரிச்ச ஒரு தொழிற்சாலை 1990-கள்ல மூடிப்போச்சு. லட்சம் டன்னுக்கும் மேல கழிவு அங்கேயே குவிஞ்சு கிடந்தது. டேனரியில பயன்படுறது மூவிணைய குரோமியம். இந்தக் குவியல்ல இருக்கிறது அறுவிணைய குரோமியம், நச்சு ரொம்ப அதிகம், தண்ணியில சுலபமா கரையும். மழை பெய்ஞ்சா மஞ்சள் தண்ணி ஓடும். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிதான் இங்கே பெரும்பாலும் சண்டை நடக்கும். 2015 ஜனவரி கடைசியில, அதே ராணிப்பேட்டையில ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோட கழிவுத் தொட்டிச் சுவர் இடிஞ்சு 10 தொழிலாளிகள் இறந்தாங்க. ராத்திரி, பக்கத்து டேனரியில தூங்கிட்டிருந்தவங்க. பெரும்பாலும் மேற்கு வங்கத்துல இருந்து வந்தவங்க.

டெல்லி கேட்டுக்கு அறிவிப்புப் பலகை இருக்கு. இவங்களுக்கோ, குழியில நின்னவங்களுக்கோ அப்படி ஒண்ணை நான் எங்கேயும் பார்க்கலை. அதனால போன பொங்கலுக்குப் போனப்போ பாட்டியை உட்கார வெச்சு, டேனரி எங்கே ஆரம்பிச்சது, குழிகள் எத்தனை, பட்டைக் குடோன் எந்தப் பக்கம்னு கேட்டு நோட்டுல வரைஞ்சேன். பதினாலு குழின்னாங்க. பக்கத்துல இருந்த பெரியப்பா பன்னெண்டுதான்னார். ரெண்டு பேரும் இன்னும் அதுக்காகப் பேசிக்கலை.