அம்மாவின் துணியும் ஐந்து வெள்ளியும்

“உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம். தயவுசெய்து காத்திருங்கள்.”

இந்த வாசகத்தை ஒரு நிறுவனத்துக்காக நானே பேசிப் பதிவு செய்து கொடுத்திருக்கிறேன். வானொலி அறிவிப்பாளர்களுக்கு இப்படிச் சில பக்க வேலைகள் வருவதுண்டு. குரலில் கொஞ்சம் புன்னகை தெரிய வேண்டும் என்றார்கள், சிரித்துக்கொண்டேதான் பேசினேன். அதே வாசகத்தை வேறொருவர் குரலில் நாற்பது நிமிடம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்த நாளில், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சுங்கை சிப்புட்டில் இருக்கும் அம்மாவுக்கு, தீபாவளிக்கு ஒரு சலவை இயந்திரம் வாங்கிக் கொடுத்தேன். ஈப்போவில் ஒரு கடை, 1,499 ரிங்கிட். பல ஆண்டுகள் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய கை அம்மாவுடையது. இப்போது விரல் மூட்டுகள் வீங்கி, ஈரத் துணியைப் பிழிய முடிவதில்லை. அதனால்தான் வாங்கினேன்.

ஆறு வாரம் ஓடியது. பிறகு ஒருநாள் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே தண்ணீர், கதவு பூட்டிக்கொண்டது. கல்யாணத்துக்குக் கட்ட வைத்திருந்த புடவையும் உள்ளே மாட்டிக்கொண்டது. பழுது பார்ப்பவர் வந்து கதவைத் திறப்பதற்குள் மூன்று நாள். புடவையில் சாயம் இறங்கி, துணியெல்லாம் நாற்றம்.

பம்பை மாற்றினார்கள். இரண்டு வாரத்தில் மறுபடி நின்றது. “பாகம் வரணும்” என்றார்கள். கடைக்குப் போனால், “நாங்க விக்கிறதோட சரி, தயாரிப்பாளர்கிட்ட கேளுங்க” என்றார்கள். தயாரிப்பாளருக்கு அழைத்தால், பழுதுபார்ப்பு மையத்தைக் கேட்கச் சொன்னார்கள். அந்த மையமோ, கடையிலிருந்து கடிதம் வேண்டும் என்றது. ஒவ்வொரு முறையும் புதிய புகார் எண், புதிய குரல். நான் மட்டும் அதே கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். இப்படியே நான்கு மாதம்.

கடைசியில் அம்மா சொன்னார்: “விடும்மா. கையாலயே தொவச்சிக்கிறேன். இதுக்குப் போயி எதுக்கு நாலு பேருகிட்ட பேச்சு வாங்குற?”

கடைக்காரர் பேச்சைவிட இதுதான் எனக்கு வலித்தது. இந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். லயத்துக் கூரை ஒழுகினால் கங்காணியிடம் சொல்ல வேண்டும். அவர் கிராணியிடம் சொல்வார். கிராணிக்குத் தோன்றினால் அது துரைக்குப் போகும். கூரை ஒழுகிக்கொண்டே இருக்கும். புகார் சொன்னவர் பெயர் மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கும். மறுநாள் பிரட்டில் முகம் சுளிப்பார்கள். வாயை மூடிக்கொண்டு வாளியை எடுத்து வைப்பதே புத்திசாலித்தனம் என்று அந்தக் காலம் அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தது. தோட்டம் போய்விட்டது, அந்தப் பாடம் போகவில்லை. என்னிடமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. இல்லாவிட்டால் வாரம் முழுக்க ஒலிவாங்கி முன் பேசுகிற நான், நான்கு மாதம் “சரிங்க, சரிங்க” என்று சொல்லிக்கொண்டிருப்பேனா?

சட்டம் என்ன சொல்கிறது?

அலுவலகத்தில் ஒரு அண்ணன்தான் கேட்டார்: “திரிபியூனலுக்குப் போகலையா?” அன்றிரவு உட்கார்ந்து படித்தேன்.

1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். இந்தப் பொறுப்பு விற்ற கடைக்கும் உண்டு. “தயாரிப்பாளரைக் கேளுங்கள்” என்று கை கழுவ முடியாது. சரிசெய்யக்கூடிய பழுதென்றால் நியாயமான காலத்துக்குள் சரிசெய்ய வேண்டும். பெரிய பழுதென்றால் பொருளைத் திருப்பிக் கொடுத்து, மாற்றுப் பொருளோ பணமோ கேட்கலாம். உத்தரவாத அட்டையில் பொடி எழுத்தில் எதை அச்சடித்திருந்தாலும் இந்த உரிமை போகாது.

இதைக் கேட்டுப் பெறும் இடம்தான் மலேசியப் பயனீட்டாளர் உரிமைக்கோரல் தீர்ப்பாயம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். ஈப்போவிலும் மனு கொடுக்கலாம், இணையத்திலும் செய்யலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறார்கள். 2019க்கு முன் அந்த வரம்பு 25,000. சிக்கல் எழுந்த மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். பொதுவாக இரு தரப்பும் வழக்கறிஞரை வைத்துக்கொள்ள முடியாது. பெரிய நிறுவனமானாலும் அவர்கள் ஆள் ஒருவர் நேரில் வந்து நமக்கு எதிரே உட்கார வேண்டும். விசாரணை தொடங்கி, கூடியவரை 60 நாளுக்குள் முடிவு சொல்வார்கள். அந்த உத்தரவை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். அபராதமோ சிறையோ வரலாம்.

நான் முதலாம் பாரத்தை நிரப்பினேன். ரசீது, அழைத்த தேதிகள், புலனத்தில் வந்த பதில்கள், தண்ணீர் தேங்கிய இயந்திரத்தின் படம், சாயம் இறங்கிய புடவையின் படம் எல்லாவற்றையும் இணைத்தேன். பாரத்தின் நகல் கடைக்குப் போய்ச் சேர்ந்த வாரமே அழைப்பு வந்தது. இந்த முறை காத்திருக்கச் சொல்லும் இசை இல்லை. மேலாளரே பேசினார். விசாரணை நாளுக்கு முன்பே புதிய இயந்திரம் அம்மா வீட்டு வாசலில் இறங்கியது.

எல்லாருக்கும் இவ்வளவு சீக்கிரம் முடியும் என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு விசாரணை வரை போக வேண்டியிருக்கும். கையில் தாள் இல்லாதவர் கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் பயனில்லை. அதனால் சில விஷயங்களை மறக்காதீர்கள். ரசீதின் மை சில மாதங்களில் மங்கிவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள். தொலைபேசியில் பேசியதை அன்றே புலனத்திலோ மின்னஞ்சலிலோ எழுதி அனுப்புங்கள். யாரிடம், எந்தத் தேதியில் பேசினீர்கள் என்று குறித்து வையுங்கள். “பாகம் வரணும்” என்றால், எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் கேளுங்கள். குரல் உயர்த்த வேண்டியதே இல்லை.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா தன் ரசீதுகளையெல்லாம் பழைய மைலோ டின்னில் போட்டு வைத்திருந்தார். பக்கத்து வீட்டு அக்காவும் வந்திருந்தார். அவர் வாங்கிய ரைஸ் குக்கர் ஒரே மாதத்தில் கெட்டுவிட்டதாம், கடையில் இழுத்தடிக்கிறார்களாம்.

அவர் பேசி முடிப்பதற்குள் அம்மா என் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, அந்த அஞ்சு வெள்ளி பாரம் இன்னொண்ணு இருக்கா?”