வீட்டுக் கடனும் தவணை இடைவெளியும்

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்ற முதுமொழியில் கடனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சொல்லாமலே விளங்கும் என்று விட்டுவிட்டார்கள் போலும். எலவனாசூர்கோட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறந்ததும் கட்டட வேலைக்கு ஏற்ற காலம் வருகிறது. சுவர் எழும்பித் தளம் போடப்படாமல் அடுத்த மழையையும் சந்திக்க நேர்ந்த வீட்டை நம் அங்கத்தினர்களில் கண்டிராதவர் இரார். அந்த வீடு ஏன் நின்றுபோயிற்று என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் விஷயம்.

கிராமத்து வீட்டுக்கு அரசாங்கம் உதவத் தொடங்கியபோது அது பெரும்பாலும் கடனாகவே இருந்தது. 1957-இல் மத்திய சர்க்கார் கொண்டுவந்த கிராம வீட்டு வசதித் திட்டம் கடன் திட்டமே. 1985-இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டம் மானியத்தை முன்வைத்தது. 2016-இல் அதன் இடத்தில் பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டம் வந்தது. சமவெளியில் ஒரு வீட்டுக்கு 1,20,000 ரூபாய் மானியம், குறைந்தது 25 சதுர மீட்டர் அளவு, விரும்புவோர்க்கு வங்கி மூலம் 70,000 ரூபாய் வரை கடனுக்கு வழி என்று அத்திட்டத்தில் வகுக்கப்பட்டது. 2024-25-இல் தமிழக அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3,50,000 ரூபாய் நிர்ணயிக்கப்பட்டது. கூட்டுறவுத் துறையிலும் கதவு அகன்றது. 2022 ஜூனில் ரிசர்வ் வங்கி, மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கிகள் தனிநபருக்கு வழங்கும் வீட்டுக் கடனின் உச்ச வரம்பை உயர்த்தியது. சிறிய வங்கிகளுக்கு 20 இலட்சம் 50 இலட்சமாயிற்று. பெரியவற்றுக்கு 30 இலட்சம் 75 இலட்சமாயிற்று.

ஆகவே பணம் இல்லை என்பதன்று குறை. பணம் வரும் முறையில்தான் சங்கடம். மானியம் ஒரே தொகையாகக் கைக்கு வருவதில்லை. வேலை ஒவ்வொரு கட்டமாக முடிந்து, படம் எடுத்துப் பதிவான பின்பே அடுத்த தவணை வங்கிக் கணக்கில் சேரும். முறைகேட்டைத் தடுக்க இது அவசியம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கொத்தனாரும் கம்பிக் கடைக்காரரும் பதிவுக்காகக் காத்திருப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் கைமாற்றுக் கடன் வீட்டுக்குள் நுழைகிறது.

கணக்கைப் பார்ப்போம். 70,000 ரூபாயை ஆண்டுக்கு 9 சதவிகித வட்டியில் ஐந்து வருஷத் தவணைக்கு வாங்கினால் மாதம் சுமார் 1,453 ரூபாய் கட்ட வேண்டும்; மொத்த வட்டி ஏறத்தாழ 17,200 ரூபாய். அதே தொகையை நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டிக்கு வெளியில் வாங்கினால் வட்டி மட்டும் மாதம் 2,100 ரூபாய். ஐந்து வருஷத்தில் 1,26,000 ரூபாய் கொடுத்த பின்பும் அசல் அப்படியே நிற்கும். இலவச வீடு என்று ஊரார் பேசுவதன் உண்மை விலை இதுதான்.

அப்படியாயின் முறையான கடனை ஏன் நாடுவதில்லை? பெரும்பாலும் பத்திரம் தடையாகிறது. பாட்டனார் பெயரில் கிடக்கும் நத்தம் மனை, நான்கு பங்காளிகள் பெயரிலுள்ள கூட்டுப் பட்டா, ஒப்புக்கொள்ளப்பட்டும் பதிவாகாத பாகப் பிரிவினை என இவற்றைக் கொண்டு எந்த வங்கியும் அடமானம் ஏற்காது. கல்வராயன் மலைவாசிகளின் நிலை இன்னும் கடினம். 1976 வரை ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்த பிரதேசம் அது. மேலும், 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்கீழ் கிடைக்கும் உரிமை வாரிசுகளுக்குச் சேருமேயன்றி விற்கவோ மாற்றவோ இயலாது. அதை ஈடாக வைத்து வீட்டுக் கடன் பெற வழியில்லை. அத்தகையோர்க்கு மானியமே கதி.

நெசவாளர் வீட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அவருக்கு வீடே தொழிற்சாலை. 25 சதுர மீட்டர் என்பது 269 சதுர அடி. அதில் அடுப்படி போக மிஞ்சுவதில் தறியும் வேண்டும், குடும்பமும் படுக்க வேண்டும். மழைக்காலத்தில் குழித்தறியின் குழியில் நீர் ஊறினால் அன்றைய கூலி போயிற்று. எனவே தளத்தின் உயரத்தையும் குழியின் இடத்தையும் கடைக்கால் தோண்டுமுன்பே மேஸ்திரியிடம் தீர்மானித்துவிட வேண்டும். பிறகு தளத்தை உடைப்பது இரட்டைச் செலவு. வர்ணப் பூச்சில் காட்டும் அக்கறையை ஜன்னல் வைக்கும் திசையில் காட்டுவோர் சிலரே!

விவசாயிக்கு வேறொரு தொல்லை. கரும்பு ஏறக்குறைய ஒரு வருஷப் பயிர். மரவள்ளியும் மாதச் சம்பளம் தருவதன்று. மாதந்தோறும் தவணை கேட்டால் ஆடியில் அவர் எங்கே போவார்? கரும்புப் பணம் வரும் காலத்தையொட்டித் தவணையை அமைக்க வேண்டுமென்று கடன் மனுவிலேயே எழுதிக் கேட்பதில் தவறில்லை. ஒருவராகக் கேட்பதைவிடச் சங்கத்தின் பொதுக்குழுவில் தீர்மானமாக நிறைவேற்றி வங்கிக்கு அனுப்புவது பலன் தரும்.

வரும் தையில் வீடு கட்ட எண்ணியுள்ள அங்கத்தினர்கள் இப்போதே பட்டா, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றைத் திரட்டி வைத்துக்கொள்வார்களாக. பங்காளிகளிடம் விடுதலைப் பத்திரம் பெற வேண்டியிருந்தால் அதற்கே சில மாதங்கள் பிடிக்கும். செங்கல்லுக்கு முன்பணம் கொடுப்பது அதற்குப் பிறகு ஆகட்டும்.